குளுவாங் – பலேம்பாங்: வான்வழி 570 கிலோமீட்டர்

நான்காம் படிவ வரலாற்றில் ஜப்பானியர் ஆக்கிரமிப்பைப் படிக்கும்போது நம் மாணவர்கள் இரண்டு செய்திகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஜப்பானுக்கு எண்ணெய் தேவைப்பட்டது, அதனால் தென்கிழக்காசியாவுக்கு வந்தது என்பது ஒன்று. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் விடைத்தாளில் சரியாக எழுதுவார்கள். "சரி, சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு இருந்ததா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு கிடையாது. எண்ணெய் இருந்தது சுமத்ராவில், பலேம்பாங் நகரத்தை ஒட்டி. மலாயாப் போரையும் அந்த எண்ணெயையும் இணைக்கும் கோடு நம் ஜொகூரிலிருந்துதான் கிளம்புகிறது. பிப்ரவரி 14, அதாவது சிங்கப்பூர் சரணடைவதற்கு முந்தின நாள், குளுவாங், காஹாங் ஆகிய இரண்டு சின்ன விமானத்தளங்களிலிருந்து ஜப்பானிய வான்குடை வீரர்கள் புறப்பட்டுப் பலேம்பாங் விமானத்தளத்துக்கு அருகில் குதித்தார்கள். காஹாங் எங்கே என்று தெரியாதவர்களுக்கு: குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில் வரும் சிற்றூர். இந்த இரண்டு ஊர்களும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதற்குப் பதில் தூரத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடுவோம்.

குளுவாங் விமானத்தளம் ஏறக்குறைய வட அகலாங்கு 2 பாகை 2 கலை, கிழக்கு நெட்டாங்கு 103 பாகை 18 கலையில் இருக்கிறது. பலேம்பாங் விமானத்தளம் தென் அகலாங்கு 2 பாகை 54 கலை, கிழக்கு நெட்டாங்கு 104 பாகை 42 கலை. ஒன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, மற்றொன்று தெற்கே என்பதால் அகலாங்குகளைக் கூட்ட வேண்டும், கழித்துவிடக் கூடாது. கூட்டினால் 4 பாகை 56 கலை. நெட்டாங்கு வேறுபாடு 1 பாகை 24 கலை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாகை என்பது எந்தத் திசையிலும் சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே தெற்கு நோக்கி 548 கிலோமீட்டர், கிழக்கு நோக்கி 155 கிலோமீட்டர். இனி பைதாகரஸ் தேற்றம் போதும்: விடை 570 கிலோமீட்டர். பழைய ஐந்தாம் படிவக் கணிதத்தில் புவியைக் கோளமாகக் கொண்டு தூரம் காணும் பாடம் ஒன்று இருந்தது, நினைவிருக்கலாம். நம் வட்டாரத்துக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். செங்கோண முக்கோணமே போதும், பிழை மிகச் சிறிது.

தூரம் தெரிந்துவிட்டது. நேரம்? அன்றைய இரட்டை இயந்திரப் போக்குவரத்து விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், வகுத்தால் வருவது இரண்டு மணி நேரம் இரண்டு நிமிடம். ஆனால் விமானம் வகுத்தல் கணக்குப்படி பறப்பதில்லை. மேலே ஏறும்போது வேகம் குறைவு. பல விமானங்கள் சேர்ந்து போனால், முதலில் ஏறியது கடைசியில் ஏறுவதற்காக வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். பிப்ரவரி என்றால் வடகிழக்குப் பருவக்காற்று வேறு. இதையெல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல்தான் ஆகும். போர் விமானங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவை இறங்கப் போவதில்லை, திரும்பி வர வேண்டும். அவற்றுக்கு 570 என்பது 1,140. சண்டை நடந்தால் அதற்கும் பெட்ரோல் கையிருப்பு வேண்டும்.

இப்போது இதே பலேம்பாங்குக்கு வேறு இடங்களிலிருந்து அளந்து பாருங்கள். போர் தொடங்கிய 1941 டிசம்பரில் ஜப்பானியரின் முக்கிய விமானத்தளங்கள் இந்தோசீனாவின் தென்பகுதியில், சைகோனைச் சுற்றி இருந்தன. அங்கிருந்து பலேம்பாங் 1,500 கிலோமீட்டருக்கு மேல். அலோர் ஸ்டாரிலிருந்து அளந்தால் 1,100-க்குச் சற்று மேல். போய்த் திரும்ப 2,200-ஐத் தாண்டும். சண்டையும் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் திரும்ப அன்றைய போர் விமானத்தால் ஆகாது. துணை விமானங்கள் இல்லாமல் வான்குடை வீரர்களை அனுப்புவது அவர்களைப் பலிகொடுப்பதற்குச் சமம். குளுவாங்கிலிருந்து அளக்கும்போதுதான் கணக்கு ஒத்துவருகிறது.

இங்கே சங்கடமான செய்தி என்னவென்றால், அந்தக் குளுவாங் தளத்தைக் கட்டியது பிரிட்டிஷார்.

போருக்கு முன்பு மலாயாவை விமானங்களால் காப்பதென்று பிரிட்டன் முடிவு செய்திருந்தது. எதிரிக் கப்பல்களைக் கடலிலேயே அடிக்க வேண்டுமென்றால் விமானத்தளங்கள் கரையை நோக்கி முன்னே இருக்க வேண்டும். அப்படித்தான் கோத்தா பாரு, அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, ஜொகூரில் குளுவாங், காஹாங், பத்து பகாட் என்று தளங்கள் எழுந்தன. தளம் கட்டினார்கள், நிறுத்த விமானம் இல்லை. 336 விமானங்கள் வேண்டும் என்று 1940-இல் லண்டனில் முப்படைத் தளபதிகள் கணக்கிட்டார்கள். போர் தொடங்கிய அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முன்னணிப் பணிக்கு இருந்தவை 158. அவற்றிலும் பல பழசு. இன்னொரு கோளாறு: தளங்களுக்கு இடம் பார்த்தபோது விமானப்படை தன் வசதியைத்தான் பார்த்தது. அதைத் தரையில் நின்று காக்க வேண்டிய தரைப்படையை ஒழுங்காகக் கேட்கவில்லை. விளைவு, விமானமே இல்லாத விமானத்தளத்தைக் காப்பதற்காகத் தரைப்படை ஆங்காங்கே சிதறி நின்றது. அந்தத் தரைப்படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பதை நம் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 8 பின்னிரவில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். அதே விடியலுக்கு முன் இந்தோசீனாவிலிருந்து வந்த 17 குண்டுவீச்சு விமானங்கள் சிங்கப்பூரைத் தாக்கின. அப்போது அவை பறந்து வந்த தூரம் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். இரவில், பெருந்துணை இல்லாமல், இருக்கிற குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகத்தான் முடிந்தது. ஊர் விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தது அவர்களுக்கு வசதியாகப் போனது; அது வேறு கதை.

அதன்பின் நடந்ததைத் தூரத்தின் கதையாகவே படிக்கலாம். வடக்குத் தளங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. சில தளங்களில் பெட்ரோலும் குண்டுகளும் அப்படியே விட்டுச் செல்லப்பட்டிருந்தன. உடைத்துவிட்டுப் போன ஓடுதளங்களையும் ஜப்பானியர் விரைவிலேயே செப்பனிட்டார்கள். ஒரு தளம் கைமாறினால் இரண்டு பக்கமும் கணக்கு மாறும்: எதிரிக்குத் தூரம் குறையும், நமக்கு எச்சரிக்கை நேரம் குறையும்.

ஜனவரி நடுவில் போர் ஜொகூருக்குள் வந்துவிட்டது. மூவார் சண்டையை எல்லோரும் எழுதுகிறார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஜனவரி 25, 26 தேதிகளில் குளுவாங்கும் பத்து பகாட்டும் கைவிடப்பட்டன. குளுவாங்கிலிருந்து ரெங்கம், லாயாங் லாயாங் வழியாக ரயில் பாதையை ஒட்டிப் பின்வாங்கியது 9-ஆவது இந்தியப் படைப்பிரிவு. அதன் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ ஜனவரி 28-இல் லாயாங் லாயாங் அருகே கொல்லப்பட்டார். அந்தப் பிரிவைச் சேர்ந்த 22-ஆவது இந்தியப் பிரிகேட் பால்மரக் காடுகளுக்கும் சதுப்புக்கும் இடையில் தனித்துவிடப்பட்டு அழிந்தது. இன்று அந்த வட்டாரத்தில் நம் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ரயிலில் போகிற பிள்ளைகள் அந்தப் பாதையைத்தான் கடக்கிறார்கள்.

அந்த நாட்களில் நடந்த இன்னொரு சம்பவம் பாடநூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஜனவரி 26-இல் இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எண்டாவ் கரைக்கு வந்தன. அவை கொண்டுவந்தது காஹாங், குளுவாங் விமானத்தளங்களை உடனே இயக்குவதற்கான பொருள்களும் ஆட்களும். பிரிட்டிஷாருக்கு அதன் பொருள் புரிந்தது. சிங்கப்பூரிலிருந்து 140 கிலோமீட்டர்தான். ஆனால் அனுப்பக் கையில் இருந்தவை வில்டபீஸ்ட் என்னும் இரட்டை இறக்கை விமானங்கள், பத்தாண்டுக்கு முந்தைய வடிவம். இரவில் மட்டும் பறக்கவேண்டிய அவற்றைப் பட்டப்பகலில் அனுப்பினார்கள். அன்று ஒரே நாளில் பத்து வில்டபீஸ்ட் திரும்பி வரவில்லை. கப்பல்கள் சரக்கை இறக்கிவிட்டன. குளுவாங் தளம் ஜப்பானியரின் கையில் உயிர்பெற்றது.

குளுவாங்கிலிருந்து சிங்கப்பூரின் தெங்கா விமானத்தளம் 85 கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் 17 நிமிடம். பாதுகாப்புக்கு நின்ற பஃபலோ போர் விமானத்துக்கோ, குண்டுவீச்சு விமானங்கள் வரும் உயரத்துக்கு ஏறுவதற்கே அரை மணி நேரம் போல வேண்டும். எதிரி கிளம்பிய அதே நொடியில் தகவல் கிடைத்தாலும் பயனில்லை என்று ஆகிவிட்டது, பாருங்க. ராடார் இருந்தது, விமானிகள் இருந்தார்கள்; நேரம்தான் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் சிங்கப்பூர்த் தளங்கள் ஜொகூர்க் கரையிலிருந்து சுடும் பீரங்கிகளின் எல்லைக்குள்ளும் வந்துவிட, மிஞ்சிய விமானங்கள் எங்கே போவது? பலேம்பாங்குக்குப் போயின. செலேத்தாரிலிருந்து 490 கிலோமீட்டர் தெற்கே. அங்கே பாதுகாப்பாக மூச்சு விடலாம் என்று நினைத்தார்கள்.

குளுவாங் கைவிடப்பட்டதிலிருந்து சரியாக 20-ஆவது நாள், பிப்ரவரி 14. வான்குடை வீரர்களை ஏற்றிய விமானங்கள் கிளம்பின. துணைக்கு ஹயபூசா போர் விமானங்கள். பொருள்களைப் போட வேறு குண்டுவீச்சு விமானங்கள். வழியில் எரியும் சிங்கப்பூரின் எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து எழுந்த கரும்புகை வானத்தை மறைத்தது. பலேம்பாங்கில் இருந்த ஹரிக்கேன் போர் விமானங்கள் அந்நேரம் தளத்தில் இல்லை; ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் போன விமானங்களுக்குத் துணையாகச் சென்றிருந்தன. ஒரு விநோதமும் சேர்ந்துகொண்டது. வீரர்களை ஏற்றிவந்த போக்குவரத்து விமானம், அமெரிக்க லாக்ஹீட் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தைப் பின்பற்றி ஜப்பானில் கட்டப்பட்டது. பிரிட்டிஷார் பயன்படுத்திய ஹட்சன் விமானமும் அதே லாக்ஹீட் வடிவத்திலிருந்து வந்ததுதான். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் நம் ஹட்சன்கள் திரும்பி வருகின்றன என்று நினைத்தார்களாம். வெள்ளைக் குடைகள் விரிந்த பிறகுதான் தெரிந்தது.

விமானத்தளத்தை ஒட்டி 180 பேர் போல இறங்கினார்கள். பிளாஜூ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு மேற்கே 90-க்கும் அதிகமானோர். ஆலைதான் உண்மையான இலக்கு. கப்பலில் மட்டும் வந்தால், கப்பலைக் கண்டதுமே டச்சுக்காரர்கள் ஆலையைக் கொளுத்திவிடுவார்கள். ஆற்றில் படகேறி வந்து சேர்வதற்குள் சாம்பல்தான் மிஞ்சும். வானத்திலிருந்து வந்தால் எச்சரிக்கை நேரம் மிகக் குறைவு. இரண்டு மணி நேரப் பயணத்தின் மதிப்பு அதில் இருந்தது. ஆலைக்காகக் கடும் சண்டை நடந்தது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஆனால் பிளாஜூ ஆலைக்குப் பெரிய சேதம் இல்லை. மறுநாள், சீனப் புத்தாண்டு அன்று, வடக்கே சிங்கப்பூர் சரணடைந்தது. அதே வேளையில் தெற்கே ஜப்பானியத் துருப்புகள் மூசி ஆற்றின் வழியே பலேம்பாங்குக்குள் வந்துகொண்டிருந்தன. முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்கா நிறுத்திய எண்ணெய்க்கு மாற்று கிடைத்துவிட்டது.

இதே வான்வழி போருக்கு முன் சாதாரணப் பயணிகளின் வழியாக இருந்ததையும் சொல்ல வேண்டும். 1930-களில் டச்சுக் கிழக்கிந்தியாவின் விமான நிறுவனமான கே.என்.ஐ.எல்.எம்., பத்தாவியாவிலிருந்து பலேம்பாங் வழியாகச் சிங்கப்பூருக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. சிங்கப்பூரிலிருந்து வடக்கே கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வேர்ன்ஸ் நிறுவனம் 1937-இல் சேவையைத் தொடங்கியது. எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகளும் வியாபாரிகளும் உட்கார்ந்து போன பாதைதான் அது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. நூல்களில் இந்த நிகழ்ச்சிகளின் மணி நேரம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். ஒருவர் பிழை செய்துவிட்டார் என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். ஜப்பானியப் படை எங்கே இருந்தாலும் தோக்கியோ நேரத்தைப் பின்பற்றியது. அன்றைய மலாயா நேரம் அதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஜப்பானியப் பதிவில் முற்பகல் பதினொன்றரை என்றிருந்தால் நம்மூர்க் கடிகாரத்தில் அது பத்து மணி. கோத்தா பாரு தாக்குதல் டிசம்பர் 8 என்றும் பெர்ல் ஹார்பர் டிசம்பர் 7 என்றும் எழுதுகிறோம். உண்மையில் கோத்தா பாருதான் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தியது. இதைத் தேர்வில் மாற்றி எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

குளுவாங்கை இழந்ததன் விலை என்ன என்பது இரண்டரை ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. பலேம்பாங் ஆலைகளைத் தாக்க நேச நாடுகள் விரும்பின. அருகில் தளம் ஏதுமில்லை. கடைசியில் அவர்கள் தேர்ந்தது இலங்கையில் திருகோணமலையை ஒட்டிய சீனக்குடா விமானத்தளம். அங்கிருந்து பலேம்பாங் நேர்கோட்டில் 2,900 கிலோமீட்டர். 1944 ஆகஸ்ட் 10-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் சீனக்குடாவிலிருந்து கிளம்பின. சென்ற வழியைச் சேர்த்தால் போய்த் திரும்ப ஏறத்தாழ 6,200 கிலோமீட்டர். 17 மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில், பெரும்பகுதி கடலுக்கு மேல். அன்றைய உலகிலேயே மிக நீண்ட தூரம் பறக்கவல்ல குண்டுவீச்சு விமானம் அது. அப்படியும் பாதிக்குச் சற்று மேற்பட்டவைதான் ஆலையின்மீது குண்டு போட முடிந்தது, சேதம் சொற்பம். குளுவாங்கிலிருந்து சின்னப் போக்குவரத்து விமானம் காலையில் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் செய்த பயணத்தை, அது கையை விட்டுப் போனபின் ஓர் இரவும் பகலும் சேர்ந்த பயணமாகச் செய்ய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பிரிட்டிஷார் வேறு வழி பார்த்தார்கள். 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து நான்கு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் சுமத்ராவின் மேற்குக் கரைப் பக்கம் போயின. அங்கிருந்து விமானங்கள் மலைத்தொடரைத் தாண்டி, 24-ஆம் தேதி பிளாஜூவையும் 29-ஆம் தேதி பக்கத்து சுங்கை கெரோங் ஆலையையும் தாக்கின. இந்த முறை சேதம் பலமாக இருந்தது. ஓடுதளத்தையே கடலில் கொண்டுபோய் வைத்துத் தூரத்தைக் குறைத்ததால்தான் அது முடிந்தது.

இன்று குளுவாங் தளம் மலேசியத் தரைப்படையின் விமானப் பிரிவிடம், மஹ்கோத்தா முகாமில் இருக்கிறது. வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். டிக்கெட் வாங்கி ஏறும் பயணிகள் விமானம் கிடையாது. ஜொகூர்க்காரர்கள் விமானம் ஏறப் போவது 1974-இல் திறக்கப்பட்ட செனாய்க்கு.

வகுப்பில் செய்ய ஒரு கணக்கு. செனாய் விமான நிலையம் வட அகலாங்கு 1.64 பாகை, கிழக்கு நெட்டாங்கு 103.67 பாகை. சுபாங் வட அகலாங்கு 3.13, கிழக்கு நெட்டாங்கு 101.55. இரண்டுமே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் இங்கே அகலாங்கைக் கழிக்க வேண்டும். விடை 288 கிலோமீட்டருக்கு அருகில் வந்தால் சரி. மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் இறக்கைச் சுழலி விமானத்துக்கு அது 35 நிமிடம். அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். மீதி நேரம் எங்கே போகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். ஓடுதளம் வரை ஊர்ந்து போவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். அதன்பின் குளுவாங்–தெங்கா 17 நிமிடத்துக்குத் திரும்பி வாருங்கள்.